தரை ஏறினால் வீடு இறங்கும்

தரை மாற்ற வேண்டும் என்று முடிவானதும் எல்லாரும் நேராக டைல்ஸ் ஷோரூமில் போய் நிற்கிறார்கள். அந்த விளக்கு வெளிச்சத்தில் எதுதான் அழகாக இருக்காது? என்னைக் கேட்டால், முதலில் ஹார்டுவேர் கடைக்குப் போங்கள். உள்ளே தண்ணீர் தெரிகிற டியூப் ஒரு 10 மீட்டர் வாங்குங்கள். கொத்தனார்கள் மட்டம் பார்க்கிற அதே டியூப். இப்போது லேசர் கருவி வாடகைக்கே கிடைக்கிறது, வேலையும் சட்டென்று முடிந்துவிடும். ஆனாலும் முதல் முறை வேலையில் இறங்குகிறவருக்கு டியூப்தான் நல்லது. ஒவ்வொரு மூலையிலும் குனிந்து நிமிர்ந்தால்தான் சொந்த வீடு எப்படி இருக்கிறது என்றே தெரியவரும்.

முறை எளிது. காற்றுக் குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, வாசல் நிலையில் தரையிலிருந்து 3 அடி உயரத்தில் ஒரு கோடு. டியூபின் ஒரு முனையில் தண்ணீர் அந்தக் கோட்டில் நிற்கும்படி ஒருவர் பிடிக்க, மறுமுனையில் தண்ணீர் எங்கே நிற்கிறதோ அங்கே பென்சில் கோடு. இப்படியே எல்லாச் சுவரிலும், எல்லா அறையிலும். பிறகு ஒவ்வொரு கோட்டிலிருந்தும் தரைவரை டேப் போட்டு அளந்து, ஒரு தாளில் வீட்டுப் படம் வரைந்து எண்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். வேறு எதையும் வாங்குவதற்கு முன்னால் அந்தத் தாள் கையில் இருக்க வேண்டும்.

எங்கள் வீடு பாளையங்கோட்டையில், 1984-ல் அப்பா கட்டியது. ஹாலிலும் அம்மாவின் அறையிலும் மொசைக். மற்ற அறைகளில் ரெட் ஆக்சைடு. வராந்தாவில் சிமெண்ட் தரை. ரெட் ஆக்சைடு நரம்பு நரம்பாக வெடித்திருந்தது. எப்போதோ ஆட்டுக்கல்லை நகர்த்தியதில் அடுக்களை வாசலில் ஒரு பள்ளம் வேறு. எனக்குக் கட்டட வேலை தெரியாது. வரவு செலவு பார்க்கிறவன். ஒரு அறையையாவது என் கையால் போட்டுப் பார்க்க வேண்டும், மற்றதை ஆள் வைத்துப் பக்கத்தில் நின்று செய்ய வேண்டும் என்பதுதான் திட்டம். "கொத்தனாருக்குக் கூலி மிச்சம்னு நெனைக்காத. அவரு ரெண்டு தடவ செய்யணும்" என்றாள் அம்மா.

அளந்து பார்த்ததில், பூஜை அலமாரிப் பக்கம் 2 அடி 11 அங்குலம். தெற்குச் சுவர் ஓரம் 3 அடி 1 அங்குலம். ஹாலுக்குள்ளேயே 2 அங்குலம் வித்தியாசம். அஸ்திவாரம் இறங்கிவிட்டதோ என்று கொத்தனார் அண்ணாச்சியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் தாளைப் பார்க்கவில்லை. நேராகப் போய் சோபாவை இழுத்து, சுவரும் தரையும் சேருகிற இடத்தில் விரலால் தட்டினார். சுண்ணாம்புக்கு அடியில் ஒரு வட்டம். சிமெண்ட் வைத்து அடைத்திருந்த மடைவாய்.

"தம்பி, அந்தக் காலத்துல வீட்டைத் துடைக்க மாட்டாவ. வாளி வாளியா ஊத்திக் கழுவி விடுவாவ. தண்ணி இந்த வழியா வெளிய ஓடிரும். இது எறங்கல, உங்கப்பா சொல்லி வச்ச வாட்டம்லா?"

எனக்குச் சுருக்கென்றது. பொங்கலுக்கு முன்னால் வீடு கழுவுவது நினைவிருக்கிறது. தண்ணீர் எங்கே போனது என்று யோசித்ததே இல்லை. இன்றைக்குக் கழுவுகிறவர்கள் யாரும் இல்லை, மாப் போட்டுத் துடைக்கிறோம். ஆனால் பழைய தரை அப்படித்தான் இருக்கும் என்று தெரியாமல், 2 அங்குலச் சரிவின் மேல் 'நேர் மட்டத்தில் போடுங்கள்' என்று சொன்னால் தெற்குப் பக்கம் முழுக்க 2 அங்குலம் நிரப்ப வேண்டும். அந்தப் பக்கம்தான் வராந்தா வாசல், மாடிப்படி, குளியலறை மூன்றும் இருக்கின்றன.

இங்கேதான் அசல் விஷயம் வருகிறது. வீட்டில் உள்ள ஒவ்வொரு உயரமும் தரையிலிருந்து அளந்து வைத்தது. தரையை ஏற்றினால் மற்றது எல்லாம் அந்த அளவுக்குக் கீழே போகும். கலவை போட்டு அதன் மேல் டைல்ஸ் என்றால் சுமார் 2 அங்குலம் ஏறும். பழைய தரைமேலேயே பசை போட்டு ஒட்டினால், டைல்ஸ் 9 மி.மீ., பசை 5 மி.மீ. என்று வைத்தாலும் அரை அங்குலத்துக்கு மேல் ஏறிவிடும். 'அரை அங்குலம்தானே' என்று ஷோரூமில் சொல்வார்கள். அவர்கள் வீட்டுக் கதவு இல்லையே.

கதவை ஆசாரி சீவித் தருவார். ஆனால் எல்லாக் கதவையும் சீவ முடியாது. பழைய தேக்குக் கதவில் அடிச்சட்டம் கழுந்து போட்டுச் சேர்த்தது. அளவுக்கு மேல் சீவினால் கூட்டு பலமிழக்கும். இரண்டு பக்கமும் பலகை ஒட்டிய பிளஷ் கதவில், உள்ளே பொந்தாக இருக்கும் வகை என்றால் அடியில் இருக்கும் கட்டை வரைக்கும்தான் சீவலாம். கதவுக்கு முன்னால் கிரில் கேட் இருந்தால் அதையும் கழற்றி வெல்டிங் கடைக்கு அனுப்ப வேண்டும். தாழ்ப்பாள் தரையில் இறங்குகிற குழியும் புதிதாகப் போட வேண்டும். அடுக்களை மேடை 33 அங்குலம் இருந்தால் 31 ஆகிவிடும். அன்றாடம் அங்கே நின்று சமைப்பவரின் முதுகைக் கேட்காமல் இதை முடிவு செய்யக்கூடாது.

மாடிப்படியைத்தான் யாரும் நினைப்பதில்லை. படியேறும்போது முதல் இரண்டு படியிலேயே கால் உயரத்தைப் பழகிக்கொள்கிறது, அப்புறம் கண் பார்ப்பதே இல்லை. தேசியக் கட்டட விதித்தொகுப்பு வீட்டுப் படியின் உயரம் 190 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது என்கிறது. எங்கள் படி 7 அங்குலம், அதாவது 178. ஹால் தரை 2 அங்குலம் ஏறினால் முதல் படி மட்டும் 5 அங்குலம், அடுத்ததெல்லாம் 7. இறங்கும்போதுதான் ஆபத்து. காலை ஊன்றும்போது தரை எதிர்பார்த்ததற்கு முன்பே வந்துவிடும். அமெரிக்க வீட்டுக் கட்டட விதியில் ஒரே வரிசைப் படிகளுக்குள் வித்தியாசம் 3/8 அங்குலத்தைத் தாண்டக்கூடாது என்றே இருக்கிறது. நம் ஊரில் எத்தனை வீட்டில் முதல் படி குட்டையாக இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். பெரும்பாலும் பின்னால் தரை மாற்றிய வீடுகளாகத்தான் இருக்கும்.

குளியலறைக்கு இதற்கு நேர்மாறான சிக்கல். அதன் தரை எப்போதும் வெளித்தரையைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். உள்ளே 5 அடிக்கு ஒரு அங்குலமாவது வடிகாலை நோக்கி வாட்டம் வேண்டும். உடைக்கச் சோம்பி, பழைய டைல்ஸ் மேலேயே புது டைல்ஸ் ஒட்டினால் அந்த இறக்கம் போய்விடும். அப்புறம் குளிக்கிற தண்ணீர் படுக்கையறைக்கு வரும். அங்கே உடைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இதையெல்லாம் தாளில் எழுதிப் பார்த்த பிறகு ஹாலுக்கு முடிவு தானாகவே வந்தது. நேர் மட்டம் வேண்டாம், அப்பா வைத்த வாட்டத்தோடேயே பழைய தரைமேல் ஒட்டுவது. 12 அடி அகலத்தில் 2 அங்குலச் சரிவு கண்ணுக்குத் தெரிவதில்லை. நாற்பது வருஷமாக எங்கள் யாருக்குமே தெரியவில்லையே! டைனிங் டேபிளின் இரண்டு காலுக்கு அடியில் ரப்பர் வைத்தால் போயிற்று.

உடைக்காமல் விட்டதில் இன்னொரு லாபமும் உண்டு. 12-க்கு 18 ஹால் என்றால் 216 சதுர அடி. பழைய தரையை 2 அங்குலக் கனத்துக்குப் பெயர்த்தால் ஒரு கன மீட்டர், எடையில் 2 டன்னுக்கு மேல் இடிபாடு. அதை வாசலில் குவித்து, வண்டி பிடித்து, எங்கே கொட்டுவது? "பாளையங்கால்வாய் ஓரமா ராத்திரி தட்டிருவோம் சார்" என்று ஒரு வண்டிக்காரர் சாதாரணமாகச் சொன்னார். கட்டட இடிபாட்டுக் கழிவுக்கென்றே 2016-ல் தனி விதிகள் வந்துவிட்டன என்று நான் சொன்னது அவர் காதில் ஏறவில்லை.

பழைய தரைமேல் ஒட்டுவதற்கு அந்தத் தரை உறுதியாக இருக்க வேண்டும். ஒரு ரூபாய் நாணயத்தால் அடிக்கு ஒரு தட்டு தட்டிக்கொண்டே போக வேண்டும். 'டக்' என்றால் சரி, 'டொக்' என்றால் அடியில் விட்டுப்போயிருக்கிறது. அந்த இடத்தை மட்டும் பெயர்த்துக் கலவை போட்டு நிரப்பிவிடலாம். அடுத்தது, ஒரு சொட்டுத் தண்ணீர். மொசைக்கில் நாற்பது வருஷ மெழுகும் எண்ணெயும் ஏறியிருக்கும். விட்ட சொட்டு முத்தாக நின்றால் பசை பிடிக்காது. கிரைண்டரில் வைர வட்டைப் போட்டு மேற்பரப்பைச் சொரசொரப்பாக்க வேண்டும். சொட்டு தரைக்குள் இறங்குகிறவரைக்கும்.

அந்தத் தூசியைப் பற்றி ஒரு வார்த்தை. சிமெண்டையும் கல்லையும் டைல்ஸையும் தண்ணீர் விடாமல் அறுத்தால் வருவது நுண்ணிய சிலிக்கா தூள். நுரையீரலில் போய்த் தங்கினால் திரும்பி வராது. அதற்கு சிலிகோசிஸ் என்று பேர், குணப்படுத்த மருந்து இல்லை. மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு நாள் முழுக்க அறுக்கிற பையன்களைப் பார்த்தால் வயிற்றைப் பிசைகிறது. என்95 மாஸ்க் ஒரு பெட்டி வாங்கி வையுங்கள், அறுக்கும்போது ஒரு ஆள் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்கட்டும். வீட்டுக்காரராக நாம் கட்டாயமாகத் தலையிட வேண்டிய இடம் இது.

பசை விஷயத்தில்தான் அண்ணாச்சிக்கும் எனக்கும் உரசல் வந்தது. அவருடைய முறை, கலவையைப் பரப்பி, மேலே சிமெண்ட் பால் ஊற்றி, டைல்ஸை வைத்து ரப்பர் சுத்தியலால் தட்டுவது. தப்பான முறை என்று சொல்ல மாட்டேன். ஆத்தங்குடிக் கல்லுக்கும் கடப்பாக் கல்லுக்கும் அது போதும். பிரச்சினை, இப்போது நாம் வாங்குவது விட்ரிஃபைடு டைல்ஸ். தன் எடையில் அரை சதவீதத்துக்கு மேல் அது தண்ணீரை உறிஞ்சாது. சிமெண்ட் பால் உள்ளே ஊறிப் பிடிப்பதற்கு அதில் துளையே இல்லை. பாலிமர் கலந்த பசை அதற்காகத்தான் வந்தது. ஐஎஸ் 15477 என்ற இந்தியத் தரக்குறியீடு அதை டைப் 1 முதல் டைப் 5 வரை பிரிக்கிறது. பழைய தரைமேல் ஒட்டுவதற்கு டைப் 1 போதாது. எந்தப் பரப்புக்கு எது என்று பையின் பின்பக்கம் போட்டிருக்கும். கடைக்காரர் கையில் எது இருக்கிறதோ அதைத்தான் எடுத்துக் கொடுப்பார், நாம்தான் படிக்க வேண்டும்.

"பசையில நிக்குமாக்கும்? முப்பது வருசமா பால் ஊத்தித்தான் போடுதேன். எந்த வீட்லயாவது பேந்திருக்கா, கேளுங்க." அவரைக் குறை சொல்ல முடியாது. அந்த முப்பது வருஷத்தில் பாதி, நீர் உறிஞ்சுகிற செராமிக் டைல்ஸ் காலம்.

ஸ்டோர் ரூம் என் பங்கு என்பதால் அங்கேயே பார்த்துவிடுவோம் என்றேன். பசையை டிரில்லில் துடுப்பு மாட்டிக் கலக்கி, 5 நிமிஷம் ஊறவிட்டு மறுபடி கலக்கினேன். தண்ணீர் பையில் சொன்ன அளவு, கண்ணளவு கிடையாது. ஒரு டைல்ஸை அவர் பாணியில், நடுவில் ஒன்றும் நாலு மூலையில் நாலுமாகப் பசை உருண்டை வைத்து அவரே பதித்தார். அடுத்ததை நான் பல் கரணையால் ஒரே திசையில் கோடு கோடாக இழுத்து, டைல்ஸின் முதுகிலும் மெல்லிசாகப் பூசி, அழுத்தி முன்னும் பின்னுமாக அசைத்துப் பதித்தேன். மேலே பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். உடனே இரண்டையும் பெயர்த்துத் திருப்பினோம். அவருடையதில் ஐந்து வட்டம், நடுவில் எல்லாம் வெறும் டைல்ஸ். மற்றதில் முதுகு முழுக்கப் பசை. அண்ணாச்சி கொஞ்ச நேரம் குந்தி உட்கார்ந்து ஐந்து வட்டத்தின் ஓரத்தையும் நகத்தால் சுரண்டிப் பார்த்தார். "இந்தப் பல்லு வச்ச கரணை எங்க வாங்குனீங்க?" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

அந்தக் காலி இடத்தின் மேல்தான் நாளைக்கு ஸ்டூலின் கால் அழுத்தும், டைல்ஸ் விரியும். இதைவிடப் பெரிய வில்லங்கம் ஒன்று உண்டு. சித்திரை வெயிலில் யாரும் தொடாமலே ஹால் நடுவில் படாரென்று டைல்ஸ் வெடித்துக் கூரை மாதிரி எழும்பி நிற்பது. பூமி அதிர்ச்சி, தோஷம் என்றெல்லாம் காரணம் சொல்வார்கள். கணக்கு மிகச் சின்னது. 18 அடி ஹாலில் 15 டிகிரி சூடு ஏறினால் டைல்ஸ் வரிசை அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல் நீளும். சுவரோரம் இடைவெளி இருந்தால் அங்கே போய்விடும். இல்லாவிட்டால், பிடிப்பு குறைந்த இடத்தில் இரண்டு டைல்ஸ் மேலெழும்பும். பள்ளிக்கூடத்து பித்தாகரஸ் தேற்றத்தைப் போட்டுப் பாருங்கள்: 60 செ.மீ. டைல்ஸ் இரண்டு சேர்ந்து அந்த அரைச் சொச்சம் மில்லிமீட்டரை விழுங்க, நடுவில் முக்கால் அங்குலத்துக்குக் கிட்ட உயர வேண்டும். கான்கிரீட் தளம் வருஷக்கணக்கில் கொஞ்சம் சுருங்கவும் செய்யும். அதுவும் இதோடு சேரும்.

ஆகவே சுவரோரம் சுற்றிலும் 5 மி.மீ.யாவது விட வேண்டும். சுவரின் அடியில் ஒட்டும் ஸ்கர்ட்டிங் பட்டை அதை மறைத்துவிடும். அந்த இடைவெளியில் சிமெண்டை அடைத்துவிடாமல் பார்த்துக்கொள்வது வீட்டுக்காரர் வேலை, ஏனென்றால் சுத்தமாக வேலை செய்கிற கொத்தனாருக்கு அதைப் பார்த்தால் கை ஊறும். டைல்ஸுக்கு நடுவில் 2 மி.மீ. இடைவெளி; அதற்கு ஸ்பேசர் என்ற சின்னத் துண்டை வைக்க வேண்டும். 'ஜாயிண்டே தெரியக்கூடாது' என்று கேட்டு வாங்குகிறவர்கள்தான் வெடிப்பையும் சேர்த்து வாங்குகிறார்கள்.

இனி எண்ணிக்கை. கடையில் '2-க்கு 2' என்று சொல்வது 600 மி.மீ.; உண்மையான 2 அடி 609.6. பெட்டிக்கு 4 டைல்ஸ், 15.5 சதுர அடி. 216 சதுர அடிக்கு 14 பெட்டி, சேதாரம் பத்து சதவீதம் சேர்த்தால் 16. இதுவரை கடைக்காரரே சொல்வார். சொல்லாதது: 12 அடி என்பது 3658 மி.மீ. ஆறு டைல்ஸும் இடைவெளிகளும் சேர்ந்து 3612 வரும். மிச்சம் 46. ஒரு சுவர் நெடுக 2 அங்குலம்கூட இல்லாத பட்டை. அதிலும் ஸ்கர்ட்டிங் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டால் ஒரு கீற்றுத்தான் தெரியும். பார்க்கவும் அசிங்கம், அறுக்கும்போது உடையவும் செய்யும்.

புத்தகத்தில் உள்ள தீர்வு, நடுவிலிருந்து தொடங்குவது. ஐந்து முழு டைல்ஸ், இரண்டு சுவரோரமும் 318 மி.மீ. துண்டு. அழகாகத்தான் இருக்கும். ஆனால் 600-ல் 318 வெட்டினால் மிச்சம் 280, அடுத்த துண்டுக்குப் போதாது. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு முழு டைல்ஸ் காலி. நீளவாக்கிலும் அப்படியே செய்தால் 16 பெட்டி 18 ஆகும். அண்ணாச்சி சொன்ன வழி வேறு: "கண்ணு விழுத வாசல்ல முழுக் கல்லா ஆரம்பிப்போம். கீத்தைக் கொண்டுபோய் ஷோகேஸுக்கு அடியில தள்ளிருவோம்." இந்த விஷயத்தில் அவர் சொன்னதைத்தான் கேட்டேன். ஷோகேஸை யாரும் நகர்த்தப் போவதில்லை.

நிறத்தைப் பற்றி எழுதப் போவதில்லை, அது உங்கள் வீட்டுச் சண்டை. பளபளப்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன். எழுபது தாண்டிய பெரியவர் இருக்கிற வீட்டில் கண்ணாடிப் பளபளப்பு வேண்டாம், மேட் ஃபினிஷ் எடுங்கள். ஷோரூமில் சாம்பிளைக் கீழே போட்டு, தண்ணீர் தெளித்து, செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்று பாருங்கள். விற்பனைப் பையன் ஒரு மாதிரிப் பார்ப்பான், பார்க்கட்டும்.

பெட்டிகள் வந்து இறங்கும்போது ஒவ்வொன்றின் பக்கவாட்டிலும் அச்சடித்திருக்கும் பேட்ச் எண்ணும் ஷேட் எண்ணும் ஒன்றுதானா என்று பார்த்துவிட்டுத்தான் வண்டியை அனுப்ப வேண்டும். டைல்ஸ் தயாராகிற குஜராத் ஊரான மோர்பியில் ஒரே டிசைன் வேறு வேறு நாளில் சூளையிலிருந்து வந்தால் சாயலில் வித்தியாசம் இருக்கும். பெட்டியில் தெரியாது, தரையில் போட்டு வெயில் சாய்வாக விழும்போது பளிச்சென்று தெரியும். வேலை முடிந்த பிறகு ஒரு பெட்டியாவது பரணில் கிடக்கட்டும். அந்த டிசைன் அடுத்த வருஷம் சந்தையில் இருக்காது.

அம்மாவின் அறையை எதுவும் செய்யவில்லை. "இந்தத் தரைக்கு என்ன கேடு? நான் மத்தியானம் படுக்கிற தரை. எனக்கப்புறம் என்னமும் பண்ணு" என்றாள். நாணயத்தால் தட்டிப் பார்த்தேன், ஓரிடத்திலும் விட்டுப்போகவில்லை. மொசைக்கில் மேல் அடுக்கு முழுக்கச் சலவைக்கல் சில்லு இருப்பதால், தேய்க்கத் தேய்க்க அடியிலிருந்து புதுத் தரை வந்துகொண்டே இருக்கும். மெல்லிய ரெட் ஆக்சைடுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை, அதில் ஒட்டுப்போட்டால் நிறமும் சேராது. பாலிஷ் மிஷின்காரர் வந்து, பெரிய கல்லில் தொடங்கி நைசான கல்வரை மாற்றி மாற்றித் தேய்த்துக் கழுவிவிட்டுப் போனார். கதவு சீவவில்லை, நிலை தொடவில்லை, ஒரு மில்லிமீட்டரும் ஏறவில்லை. செலவும் ஹாலுக்கு ஆனதில் ஒரு சிறு பங்குதான்.

ஹாலை மாற்றுவதற்கு முன்னால் இந்தத் தேய்ப்பைப் பார்த்திருந்தால் அங்கேயும் இதையே செய்திருப்போமோ என்று மனைவி கேட்கிறாள். அடுக்களை வாசல் பக்கம் ஹாலில் அத்தனை இடம் 'டொக்'கென்று கேட்டதால், இல்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். அடுத்தது குளியலறை. அதை முழுக்க உடைக்க வேண்டும், வாட்டர்புரூஃபிங் செய்து, தண்ணீர் கட்டி நிறுத்தி, கசிவு பார்த்த பிறகுதான் டைல்ஸ். பல் கரணையை அண்ணாச்சி கேட்டு வாங்கிக்கொண்டு போயிருக்கிறார், எனக்கு வேறு வாங்க வேண்டும்.